கானாடுகாத்தான் தெருக்களில் பொது வைஃபை: நிற்கும் இடத்தைப் பெட்டியே சொல்லுமா?

முகப்புத்திண்ணை | வெள்ளி, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் தெருவில், வெளியூர்க்காரர்கள் பார்ப்பதற்காகத் திறந்துவிடும் வீடுகள் சில உண்டு. எங்களுடையதும் அவற்றில் ஒன்று. வருகிறவர்கள் படும் பாடெல்லாம் வழி கண்டுபிடிப்பதில்தான். நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பை வைத்து அடுத்த தெருவில் பின்கட்டை முடிப்பவை. வரைபடச் செயலி கூரையின் நடுவே ஒரு புள்ளியைக் குத்திவிட்டு, எந்தத் தெரு காருக்கு வசதியோ அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. பாதிப் பேர் பின்வாசலில் நின்று தட்டுகிறார்கள். அங்கே விறகும் உடைந்த ஊறுகாய் ஜாடியும்தான் கிடக்கின்றன. முன்வாசலுக்கு வர வேண்டுமென்றால் தெருவையே சுற்ற வேண்டும், அதுவும் சித்திரை வெயிலில்.

என் யோசனை இது. நாலைந்து வீட்டுக்காரர்களும் இரண்டு கடைக்காரர்களும் சேர்ந்து தெருவில் பொது வைஃபை வைக்கிறோம். இணைகிறவர் போனில் முதலில் வரும் பக்கம், "நீங்கள் இன்ன வீட்டின் பின்வாசலில் நிற்கிறீர்கள், முன்வாசல் இந்தப் பக்கம், கட்டணம் இவ்வளவு, எந்தெந்த வீடு இப்போது திறந்திருக்கிறது" என்று சொல்ல வேண்டும். இதற்குத் தனிச் செயலி வேண்டுமா? ஜி.பி.எஸ். கட்டாயமா? சட்டத்தில் ஏதாவது சிக்கல் உண்டா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காரைக்குடி நிரலர் | வெள்ளி, இரவு 9.05

செயலிதான் சரியான வழி அண்ணன். ஜி.பி.எஸ்.ஸை வைத்து ஒவ்வொரு வீட்டையும் சுற்றி ஒரு கற்பனை வேலி போட்டுவிட்டால், ஆள் உள்ளே நுழைந்ததும் தகவல் தானாக வந்து விழும். யார் எங்கே எவ்வளவு நேரம் நின்றார்கள் என்ற கணக்கும் கையில் இருக்கும். பலகாரக் கடை, ஆத்தங்குடிக் கல் விற்பவர்கள் எல்லோரும் அந்தக் கணக்குக்குப் பணம் கொடுப்பார்கள். நான் செய்து தருகிறேன்.

சைக்கிள் வழிகாட்டி | வெள்ளி, இரவு 9.11

அரை நாள் ஊரைப் பார்க்க வருகிறவர் செயலியைப் பதிவிறக்குவாரா? என்னோடு வருகிறவர்கள் போனில் படம் எடுக்கவே இடமில்லை என்று பழைய படங்களை அழித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கம்பிவடம் | வெள்ளி, இரவு 10.20

காரைக்குடியில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்ணைத் தம்பி கேட்டதற்கு ஜி.பி.எஸ்.ஸும் வேண்டாம், செயலியும் வேண்டாம். பொது வைஃபையில் இடத்தை அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, போன் தன் இடத்தைக் கண்டுபிடித்து நம்மிடம் சொல்வது. மற்றது, போன் எந்த வைஃபைப் பெட்டியோடு (ரூட்டரோடு) இணைந்திருக்கிறது என்பதை வைத்து நாமே தெரிந்துகொள்வது. பெட்டியைச் சுவரில் மாட்டியது நாம். அது எந்த வீட்டின் எந்த வாசல் என்பது நமக்குத் தெரியும். எனவே பெட்டியின் அடையாள எண்ணுக்கு ஒரு பக்கம் என்று கட்டிவைத்தால் கதை முடிந்தது. வந்தவர் யார், எங்கிருந்து வந்தார், போனில் என்ன அனுமதி கொடுத்தார் என்பது ஒன்றும் நமக்குத் தேவையில்லை.

அந்தப் பக்கம் தானாகத் திறப்பது எப்படி என்றால், வைஃபையில் இணைந்தவுடன் ஆண்ட்ராய்டு போன் ஒரு குறிப்பிட்ட முகவரியை அழைத்து, 204 என்ற வெற்றுப் பதில் வருகிறதா என்று பார்க்கும். வரவில்லை, வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டது என்றால் "உள்நுழைய வேண்டும்" என்று சொல்லி ஒரு சிறு ஜன்னலைத் திறக்கும். ஐபோனும் தன் முகவரியை வைத்து இதையே செய்கிறது. ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் நீங்கள் பார்த்த ஜன்னல் அதுதான். நம் வீட்டுப் பக்கத்தை அந்த ஜன்னலில் காட்டிவிடலாம்.

இதில் தொல்லை தருவது வேறு ஒன்று. போன் ஒரு பெட்டியைப் பிடித்தால் லேசில் விடாது. முதல் வீட்டில் இணைந்தவர் மூன்றாவது வீட்டு வாசலுக்குப் போன பிறகும் பழைய பெட்டியின் தேய்ந்த சிக்னலையே பற்றிக்கொண்டிருப்பார். பக்கம் முதல் வீட்டின் பெயரையே காட்டும். இதைச் சரிசெய்ய, பெட்டியின் ஒலிபரப்புச் சக்தியைக் குறைக்க வேண்டும். சிக்னல் வலு மைனஸ் 75 டி.பி.எம்.முக்குக் கீழே போன இணைப்புகளை வெட்டிவிடும் வசதி உள்ள பெட்டியாகவும் வாங்க வேண்டும். கடையில் போய் "ரொம்ப தூரம் எடுக்கிற பெட்டி கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். இந்த வேலைக்குக் குறைந்த தூரம்தான் நல்லது.

காரைக்குடி நிரலர் | வெள்ளி, இரவு 10.48

அண்ணன், பெட்டியை வைத்துச் சொன்னால் முப்பது நாற்பது அடி முன்னே பின்னே இருக்கும். 802.11எம்.சி. என்று வைஃபையில் ஒரு தொழில்நுட்பத் தரம் வந்திருக்கிறது. சிக்னல் போய்த் திரும்பும் நேரத்தை அளந்து ஒன்றிரண்டு மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதலே அந்த வசதி உண்டு. அதைப் பயன்படுத்தலாமே?

கம்பிவடம் | வெள்ளி, இரவு 11.02

தெரியும் தம்பி, நல்ல தொழில்நுட்பம்தான். ஒளி ஒரு நானோவினாடியில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் போகும். அந்த அளவுக்கு நேரத்தை அளக்கிறார்கள் என்பதே பெரிய விஷயம். ஆனால் போனும் பெட்டியும் இரண்டுமே அதற்கு ஒத்துழைக்க வேண்டும், எல்லா போனிலும் அது இல்லை, பெட்டியின் விலையும் கூடுதல். நடுவில் நம்மூர்ச் சுண்ணாம்புச் சுவர் வந்தால் சிக்னல் நேர் வழியில் போகாமல் எங்கேயோ மோதித் திரும்பி வரும், அளவு பிசகும். முகப்பே அத்தனை அகலமாக இருக்கும் தெருவில், எந்த வீட்டு வாசல் என்று தெரிந்தால் போதாதா? மீட்டர் கணக்கு எதற்கு?

அழகப்பா மாணவி | சனி, காலை 7.30

வீட்டுக்கு உள்ளே வேண்டியிருக்கும் ஐயா. முகப்பில் நிற்பவருக்கு ஒரு விளக்கம், வளவுக்குள் (நடு முற்றத்துக்குள்) வந்ததும் வேறு விளக்கம், இரண்டாம் கட்டில் இன்னொன்று, அடுப்படியில் வேறு ஒன்று என்று ஒலி வடிவில் கொடுக்கலாம். இதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் நின்று எந்தெந்தப் பெட்டியின் சிக்னல் எவ்வளவு வலுவாகக் கிடைக்கிறது என்று முன்கூட்டியே குறித்துவைப்பது, பிறகு வருகிறவரின் போன் காணும் சிக்னலை அந்தக் குறிப்போடு ஒப்பிடுவது. மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தின் பால், பத்மநாபன் இருவரும் 2000-லேயே 'ரேடார்' என்ற பெயரில் இதைச் செய்துகாட்டினார்கள். நம் வீடுகள் கட்டுக்கட்டாகப் பிரிந்திருப்பதால் இது நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கம்பிவடம் | சனி, காலை 8.15

நல்ல கேள்வி அம்மா. சுவர்கள் தடிமனாக இருப்பதால் கட்டுக்குக் கட்டு சிக்னல் நன்றாகவே வேறுபடும், அதில் உங்கள் கணிப்பு சரி. வளவில்தான் சிக்கல். மேலே வானம், நடுவே திறந்த முற்றம். அங்கே சிக்னல் எதிர்பாராத பக்கமெல்லாம் தாவும். கூட்டம் சேர்ந்தால் இன்னும் மோசம். மனித உடம்பில் பெரும்பகுதி நீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது உறிஞ்சும். காலையில் ஆளில்லாத வீட்டில் எடுத்த குறிப்பு, கல்யாணத்துக்கு ஆட்கள் வந்து நிறைந்த வீட்டுக்கு ஒத்துவராது. தவிரவும், போன் காணும் சிக்னல் பட்டியலை வலைப்பக்கத்தால் படிக்க முடியாது, அதற்குச் செயலி வேண்டும், செயலிக்கு இருப்பிட அனுமதி வேண்டும். மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம். ஒவ்வொரு கட்டிலும் ஒரு கியூ.ஆர். அட்டையை ஒட்டிவிடுங்கள், வேலை முடிந்தது.

பள்ளத்தூர் ஆச்சி | சனி, காலை 8.22

பர்மாத் தேக்குத் தூணில் பசை தடவி ஒட்டவா? யார் வீட்டில் விடுவார்கள்?

கம்பிவடம் | சனி, காலை 8.25

மன்னிக்க வேண்டும் ஆச்சி. தனியாக ஒரு பலகையை நிறுத்தி அதில் வைக்கச் சொல்கிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி | சனி, காலை 9.10

நான் எழுத வந்தது வேறு விஷயம். இரண்டு நாளாக எல்லோரும் இடத்தைச் சரியாகச் சொல்வது எப்படி என்றே பேசுகிறீர்கள். இடத்தைச் சொல்லாமல் இருக்க வேண்டியது எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நம் பக்கத்து ஊர்களில் எந்தத் தெருவுக்குப் போனாலும் பூட்டிய வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், விசேஷத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் வந்து திறக்கிறார்கள். உள்ளே நிலைக்கதவும் விளக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் அப்படியே இருக்கின்றன. பழம்பொருளுக்கு விலை இருக்கிற காலம் இது. திண்ணைத் தம்பி "எந்தெந்த வீடு இப்போது திறந்திருக்கிறது" என்று பட்டியல் போடப் போவதாக எழுதியிருக்கிறார். திறந்த வீட்டின் பட்டியல் போட்டால் மீதி வீடெல்லாம் பூட்டியது என்று நாமே தண்டோரா போட்டதாகாதா? அதுவும் தெருவில் நிற்கிற எவருக்கும், ஊர் பெயர் கேட்காமல், உட்கார்ந்த இடத்தில் கிடைக்கும்படி?

சிங்கை வாசி | சனி, பிற்பகல் 12.40

ஆச்சி சொல்வதை அப்படியே ஆதரிக்கிறேன். எங்கள் வீடு அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. வருடத்தில் பெரும்பாலும் பூட்டுத்தான். வரைபடத்தில் வீட்டின் விலாசத்தைப் போட வேண்டாம் என்று ஏற்கெனவே ஒருவரிடம் கேட்டுக்கொண்டேன், அவர் படத்தோடு சேர்த்துப் போட்டார்.

கம்பிவடம் | சனி, மாலை 6.30

ஆச்சி கேட்ட கேள்விக்குப் பின்னால் இன்னொன்றும் இருக்கிறது. பட்டியலே போடாவிட்டாலும் வீட்டு ரூட்டர் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு ரூட்டரும் தன் அடையாள எண்ணை வினாடிக்குப் பல முறை காற்றில் கூவிக்கொண்டே இருக்கும். கடவுச்சொல் போட்டிருந்தாலும் அந்த எண் வெளியே தெரியும். தெருவில் போகிற போன்கள் அதைக் கேட்டு, தம் ஜி.பி.எஸ். இடத்தோடு சேர்த்துக் கூகுளுக்கும் ஆப்பிளுக்கும் அனுப்புகின்றன. அப்படிச் சேர்ந்த பெரிய அட்டவணையை வைத்துத்தான், கூரைக்குக் கீழே ஜி.பி.எஸ். எடுக்காத இடத்திலும் போன் தன் இடத்தைச் சொல்கிறது. 2008-ல் ஐபோனுக்கு இந்த அட்டவணையைக் கொடுத்தது ஸ்கைஹூக் என்ற நிறுவனம், பிறகு ஒவ்வொருவரும் சொந்தமாக வைத்துக்கொண்டார்கள்.

2024-ல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிளின் அட்டவணையைச் சோதித்தார்கள். ஒரு ரூட்டர் எண்ணைக் கேட்டால் அதன் இடத்தோடு, அக்கம்பக்கத்து ரூட்டர்கள் நூற்றுக்கணக்கில் எங்கே இருக்கின்றன என்பதையும் அது திருப்பித் தந்தது. கேட்பவர் யார் என்ற விசாரணை இல்லை. இப்படித் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்த ரூட்டர் எப்போது காணாமல் போனது, எங்கே போய் முளைத்தது என்றெல்லாம் அவர்களால் தொடர முடிந்தது. வீட்டுக்காரர் ரூட்டரை அணைத்துவிட்டு ஊருக்குப் போனால் அதுவும் ஒரு தகவல்தான்.

இதற்கு மருந்து இருக்கிறது. வைஃபை பெயரின் கடைசியில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்கோடு போட்டு 'நோமேப்' (_nomap) என்று சேர்த்துவிட்டால், கூகுளும் ஆப்பிளும் அந்த ரூட்டரை அட்டவணையில் சேர்க்காமல் விடுவதாகச் சொல்லியிருக்கின்றன. ஆப்பிள் இதை ஏற்றது 2024-ல்தான். வீட்டு ரூட்டருக்கெல்லாம் இதைப் போடுங்கள். தெருவில் மாட்டும் பொதுப் பெட்டிக்குப் போடாதீர்கள், அது எங்கே இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால் நல்லதுதான்.

காரைக்குடி நிரலர் | சனி, இரவு 7.45

எல்லோரும் திருடனை நினைத்தே பேசினால் எந்த வசதியும் வராது. வீடு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கத் திருடனுக்கு வைஃபை எதற்கு? வாசலில் தொங்கும் பூட்டும் தெருவில் குவிந்த சருகும் போதாதா? யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன. நாளைக்கு நிதி கேட்டுப் போனால் "எத்தனை பேர் வருகிறார்கள், எங்கே போகிறார்கள்" என்றுதான் கேட்பார்கள். கணக்கு இல்லாமல் என்ன சொல்வது?

பள்ளத்தூர் ஆச்சி | சனி, இரவு 8.05

தெருவுக்கு வந்து சருகைப் பார்க்கிறவனை எதிர்வீட்டுக்காரி பார்ப்பாள் தம்பி. போனில் பார்க்கிறவனை யார் பார்ப்பது?

கம்பிவடம் | சனி, இரவு 9.00

கணக்கு விஷயத்தில் நிரலர் தம்பிக்கு ஒன்று. அந்தக் கணக்கு இப்போது நம்பும்படி வராது. முன்பெல்லாம் போனின் வைஃபை அடையாள எண் மாறாது, எண்ணினால் ஆள் கணக்கு வந்துவிடும். 2014-ல் ஐ.ஓ.எஸ். 8 வந்ததிலிருந்து ஐபோன், வைஃபை பெட்டிகளைத் தேடும்போது போலி எண் சொல்லத் தொடங்கியது. ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 வந்த பிறகு இணையும்போதும் ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஒரு போலி எண். தெருவில் போகிற ஒரே ஆளைப் பல ஆட்களாக எண்ணிவிடும். பிள்ளையார்பட்டிச் சதுர்த்திக் கூட்டத்தை இப்படி எண்ணினால் வரும் எண்ணிக்கையை நீங்களே நம்ப மாட்டீர்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் நுழைவுச் சீட்டின் அடிக்கட்டையை எண்ணுங்கள்.

முகப்புத்திண்ணை | ஞாயிறு, காலை 6.50

ஆச்சி எழுதியதைப் படித்ததிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்தேன். கம்பிவடம் அண்ணன் சொன்னதில்தான் விடை இருக்கிறது என்று தோன்றுகிறது. பெட்டிக்குத் தன் இடம் மட்டும்தான் தெரியும். அப்படியானால் அது தன் வீட்டைப் பற்றி மட்டும் பேசட்டும். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய பெட்டி எங்கள் வீட்டு நேரம், கட்டணம், முன்வாசலுக்கு வழி, கழிப்பறை எங்கே என்பவற்றை மட்டும் சொல்லும். அடுத்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் வராது. தெரு முழுவதற்குமான பட்டியலைக் கைவிடுகிறேன். பெட்டி இல்லாத வீடெல்லாம் பூட்டிய வீடு என்றும் யாரும் முடிவுகட்ட முடியாது, குடியிருப்பவர்களிலும் பெரும்பாலோர் பெட்டி வைக்கப்போவதில்லை. சிங்கை ஐயா, உங்கள் வீட்டின் விலாசம் எங்கள் பக்கத்தில் எங்கேயும் வராது. இது உங்களுக்குச் சம்மதமா?

சட்டம் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

சிங்கை வாசி | ஞாயிறு, காலை 7.35

சம்மதம் தம்பி. என் வீட்டுப் பின்சுவரில் யாரும் ஆணி அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

கம்பிவடம் | ஞாயிறு, காலை 10.10

சட்டம் சுருக்கமாக. 2008-ல் பூட்டில்லாத வைஃபை வழியாகப் பயங்கரவாத மின்னஞ்சல்கள் போனதை அடுத்து, 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை ஒரு உத்தரவு போட்டது. பொது வைஃபையில் இணையம் கொடுத்தால் பயனாளர் யார் என்று உறுதிசெய்ய வேண்டும். அதனால்தான் எங்கும் ஓ.டி.பி. கேட்கிறார்கள். வீட்டுக்கு வாங்கிய இணைப்பைக் கடவுச்சொல்லோடு தெருவில் திறந்துவிடுவது சரியல்ல.

ஒழுங்கான வழி பி.எம். வாணி. 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பொது வைஃபைத் திட்டம். பெட்டிக்கடைக்காரரும் பி.டி.ஓ. (அதாவது பொது வைஃபை கொடுப்பவர்) ஆகலாம், உரிமமோ பதிவுக் கட்டணமோ கிடையாது. அவருக்கு மேலே பி.டி.ஓ.ஏ. என்று பலரைச் சேர்த்து நடத்தும் ஒரு திரட்டி நிறுவனம், பயனாளருக்கு அனுமதி கொடுப்பதும் கணக்கு வைப்பதும் அதன் பொறுப்பு. மையப் பதிவேட்டை அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் வைத்திருக்கிறது. முன்பு இந்தக் கடைக்காரர்களிடம் பெரிய நிறுவனக் கட்டணம் கேட்டார்கள். 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் ஆணை போட்டு, 200 எம்.பி.பி.எஸ். வேகம் வரையிலான வீட்டுத் திட்டங்களைப் பி.டி.ஓ.வுக்குக் கொடுக்கும்போது வீட்டுக் கட்டணத்தின் இரு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு வைத்தது.

என் யோசனை: வீட்டுத் தகவல் பக்கம் உள்நுழைவதற்கு முன்பே, பெட்டிக்குள்ளிருந்தே வரட்டும். அதற்குப் போன் எண்ணும் வேண்டாம், பெயரும் வேண்டாம். இணையம் வேண்டுமென்பவர் மட்டும் ஓ.டி.பி. போடட்டும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒருவரின் தகவலை எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெறும் பொறுப்பு இருக்கிறது. வாங்காத தகவலுக்கு அந்தப் பொறுப்பும் இல்லை.

சைக்கிள் வழிகாட்டி | ஞாயிறு, காலை 10.30

ஓ.டி.பி. என்றதும் நினைவு வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் பலரிடம் இந்திய எண் இல்லை. ஒரு பெரிய நிலையத்தில் பத்து இலக்கம் தவிர வேறு எதையும் ஏற்க மறுத்துவிட்டது பெட்டி. ஒரு பிரெஞ்சு அம்மாள் என் எண்ணைப் போடலாமா என்று கேட்டார். போட்டால் அவர் செய்வதெல்லாம் என் கணக்கில் விழும். முன்பக்கத்தை எண் இல்லாமல் காட்டுவது அவர்களுக்குப் பெரிய உதவி.

காரைக்குடி நிரலர் | ஞாயிறு, காலை 11.15

சரி, செயலி வேண்டாம் என்றால் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம். இரண்டு நிபந்தனைகள். பக்கம் மொத்தமும் சில நூறு கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான், திருவிழா நாளில் ஆளாளுக்குப் பெரிய படம் இறக்கினால் யாருக்கும் எதுவும் வராது. வளவின் அழகை நேரில் பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள், படம் எதற்கு?

இன்னொன்று, ஒவ்வொரு வாசலுக்கும் டிஜிபின் போட வேண்டும். அஞ்சல் துறை 2025 மே மாதம் வெளியிட்டது. நாடு முழுவதையும் ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறி. முன்வாசலுக்கு ஒன்று, பின்வாசலுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கிடைக்கும். திண்ணை அண்ணனின் முதல் தொல்லைக்கு அதுவே பாதித் தீர்வு. அந்தக் குறியைப் பக்கத்திலும் போடுவோம், தங்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியும் அனுப்புவோம்.

பள்ளத்தூர் ஆச்சி | ஞாயிறு, காலை 11.40

இதைத்தான் தம்பி முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

முகப்புத்திண்ணை | ஞாயிறு, மாலை 5.20

எல்லோருக்கும் நன்றி. எங்கள் வீட்டில் முன்வாசலுக்கு ஒரு பெட்டி, பின்வாசலுக்கு ஒரு பெட்டி. ஒலிபரப்பைக் குறைத்து வைக்கிறோம். தெரு முனையில் இருக்கும் தேநீர்க் கடைக்காரர் பி.டி.ஓ. ஆகச் சம்மதித்துவிட்டார். அண்ணன், உறவினர் வீட்டில் நல்ல நிலையில் பழைய பெட்டி ஒன்று இருக்கிறது, தேவகோட்டையில் ஓடியது. அதைப் பின்வாசலுக்கு வைக்கலாமா?

கம்பிவடம் | ஞாயிறு, மாலை 6.05

பெட்டி ஓடும். ஆனால் அட்டவணையில் அதன் எண்ணுக்கு எதிரே இன்னும் தேவகோட்டை என்றிருக்கும். கொஞ்ச நாளைக்குப் பின்கட்டில் நிற்பவரின் வரைபடம் அவரைத் தேவகோட்டைக்குத் தூக்கிப் போட்டாலும் போடும். முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் அலைகிறவரை இன்னொரு ஊருக்கு அனுப்ப வேண்டாம், பின்வாசலுக்குப் புதுப் பெட்டி வாங்குங்கள். பழையதை அடுப்படிப் பக்கம் வீட்டு உபயோகத்துக்கு வைத்து, பெயரில் 'நோமேப்' போட்டுவிடுங்கள்.

சைக்கிள் வழிகாட்டி | ஞாயிறு, மாலை 6.30

பக்கம் எந்தெந்த மொழியில்?

முகப்புத்திண்ணை | ஞாயிறு, மாலை 6.42

தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு. பிரெஞ்சுக்குத்தான் ஆள் இல்லை. புதுச்சேரிப் பக்கம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் எழுதுங்கள்.